அந்த உத்தரவு எங்கே இருக்கிறது? நோய்க்காலக் கட்டுப்பாடுகளும் குடிமக்களின் உரிமைகளும்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குச் சாலை வழியே இருபது கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். வழியில் முள்ளோடையைத் தாண்டும்போது ஆட்சி மாறுகிறது என்பதை வெளியூர்க்காரர்கள் மதுக்கடைகளின் நெருக்கத்தைக் கண்டுதான் தெரிந்துகொள்வார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது எல்லையாகவே படுவதில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும், மீன் கூடையோடு பேருந்து ஏறுவதும், புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் நிலத்தை வைத்துக்கொண்டு கடலூர் மாவட்டத்தில் குடியிருப்பதும் இங்கே அன்றாட நடப்பு. பிரெஞ்சுக்காரர் ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று கைமாறும் வரை இங்கே சுங்கச் சாவடிகள் இருந்ததை மிக வயதானவர்கள் சிலர் இன்னும் சொல்வார்கள். அறுபத்தைந்து ஆண்டுகளாக மறந்துபோயிருந்த அந்த எல்லை 2020 மார்ச் கடைசியில், கோவிட் ஊரடங்கோடு, இரும்புத் தடுப்புகளாகத் திரும்பி வந்தது.

அந்த ஏப்ரலில் ஒரு காலை, தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற வரிசையில் நானும் இருந்தேன். எனக்கு முன்னால் நெல்லிக்குப்பம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மஞ்சள் பையில் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைச் சீட்டோடு நின்றார். காவலர் கடுமையானவர் அல்லர், களைத்துப்போயிருந்தார். "பாஸ் இருக்கா பெரியவரே?" என்றார். "மாத்திரை முடிஞ்சு நாலு நாளாச்சுங்க ஐயா, சீட்டு இருக்குதுங்க" என்று பெரியவர் நீட்டினார். "சீட்டெல்லாம் செல்லாது, மேலிடத்து உத்தரவு, நான் என்ன பண்றது?" என்றார் காவலர். பெரியவர் எந்த எதிர்ப்பும் இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளும் எண்ணத்தோடு கேட்டார்: "அந்த உத்தரவு எங்கங்க இருக்குது?" காவலர் தம் கைப்பேசியை எடுத்து ஒரு வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினார். அதில் எண்ணும் இல்லை, தேதியும் இல்லை, கையெழுத்தும் இல்லை. பெரியவர் அதைப் படிக்க முயன்றுவிட்டுத் திரும்பி நடந்தார்.

நோய்ப்பரவல் காலத்தில் குடிமக்களின் உரிமை என்று பேசத் தொடங்கினாலே, உயிர் பெரிதா உரிமை பெரிதா என்ற தராசு ஒன்றை நடுவே வைத்துவிடுகிறார்கள். அந்தத் தராசு பெரும்பாலும் வீண் வேலை. கொள்ளைநோய்க் காலத்தில் நடமாட்டத்தை அரசு கட்டுப்படுத்தலாம் என்பதை எந்த மனித உரிமை ஆவணமும் மறுக்கவில்லை. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை, பொதுச் சுகாதாரத்தின் பொருட்டு நடமாட்டச் சுதந்திரத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. இந்தியா அதில் 1979இல் இணைந்தது. நம் அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது கூறும் பொதுமக்கள் நலனுக்காக நியாயமான கட்டுப்பாடுகளுக்கு இடம் தருகிறது. ஆகவே, அதிகாரம் உண்டா இல்லையா என்பதில் பெரிய தகராறு இல்லை. அந்த அதிகாரம் எந்த வடிவில் வந்தது, யார் கையெழுத்திட்டார், எத்தனை நாளைக்கு, தவறானால் எங்கே போய்ச் சொல்வது என்பவைதான் கேள்விகள். பெரியவர் கேட்டதும் அதைத்தான்.

1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்கள் சட்டம் இந்த இடத்தில் தவறாமல் பேச்சுக்கு வரும். பம்பாய் மாகாணத்தில் பிளேக் பரவியபோது அவசரமாக இயற்றப்பட்ட அந்தச் சட்டம் ஒரு தாளில் அடங்கிவிடும். அதன் வரலாறும் நல்ல வரலாறு அன்று. புனே நகரில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனையிட்டதும், பெண்களை நடுத்தெருவில் நிறுத்திப் பரிசோதித்ததும், பொருள்களை எரித்ததும் மக்களை ஆத்திரமூட்டின. பிளேக் அதிகாரி ராண்டு, அதே ஆண்டு ஜூன் 22 இரவு சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். அதைத் தொடர்ந்து திலகர் மீது ராஜத்துரோக வழக்குப் பாய்ந்து அவருக்குப் பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சட்டத்தின் நான்காம் பிரிவு, நல்லெண்ணத்தோடு செயல்பட்ட எவர் மீதும் வழக்குத் தொடர முடியாது என்கிறது. அதிகாரம் பெற்றவருக்குப் பாதுகாப்பு உண்டு. அதிகாரத்துக்கு உட்பட்டவருக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது.

இந்தக் குறையைப் பலரும் எழுதிவிட்டார்கள். அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது. அந்த வெள்ளைக்காரச் சட்டத்தின் இரண்டாம் பிரிவே இரண்டு கடிவாளங்களைப் போட்டிருக்கிறது. சாதாரணச் சட்டங்கள் போதாது என்று அரசு கருதும்போது, "பொது அறிவிப்பின்" வழியே, "தற்காலிக" விதிகளை வகுக்கலாம் என்பதே அதன் வாசகம். பொது அறிவிப்பு என்றால் மக்கள் பார்க்கும்படி வெளியிடுவது. தற்காலிகம் என்றால் முடிவு நாள் ஒன்று இருப்பது. காலனி ஆட்சியே எழுதிவைத்த அந்தக் குறைந்தபட்ச வரம்பைக்கூட முள்ளோடைத் தடுப்பில் காட்டப்பட்ட அந்த வாட்ஸ்அப் செய்தி எட்டவில்லை.

நாடு தழுவிய ஊரடங்கு பெருமளவுக்கு 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் மீது நின்றது. அந்தச் சட்டத்துக்கும் நம் கடற்கரைக்கும் நெருங்கிய உறவு உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. தேவனாம்பட்டினத்திலும் சோனங்குப்பத்திலும் அந்த நாளைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. அந்தப் பேரழிவுக்கு ஓராண்டு நிறையும் தறுவாயில் பிறந்த சட்டம், நிவாரணத்தை ஒழுங்குபடுத்துவதைத் தன் முக்கிய வேலையாகக் கொண்டிருந்தது. அதன் 12ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டோருக்கான நிவாரணத்தின் குறைந்தபட்ச அளவுகளையும், உயிரிழப்புக்கான கருணைத் தொகையையும் வகுக்கச் சொல்கிறது. 51ஆம் பிரிவு, ஆணையை மீறுவோருக்கு ஓராண்டு வரை, உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் ஈராண்டு வரை சிறை என்கிறது. 2020இல் நாம் தெருவில் பார்த்தது 51ஐத்தான். 12 நினைவுக்கு வர நீதிமன்றம் தேவைப்பட்டது. 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம், கருணைத் தொகைக்கான வழிகாட்டுதல்களை வகுப்பது கட்டாயம் என்று தீர்ப்பளித்த பிறகே, கோவிட்டால் இறந்தோர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று முடிவாயிற்று. ஒரே சட்டத்தின் இரு பிரிவுகளில் தண்டிக்கும் பிரிவு ஒரே இரவில் ஓடி வந்தது. கொடுக்கும் பிரிவு ஓராண்டுக்கும் மேல் நடந்து வந்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். "அவசரநிலை" என்ற சொல்லைக் கேட்டதும் 1975 நினைவுக்கு வருகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 352ஆவது கூறின்படி அவசரநிலை அறிவிக்கப் போர், அந்நியப் படையெடுப்பு, ஆயுதக் கிளர்ச்சி ஆகிய காரணங்களே உண்டு. நோய் அந்தப் பட்டியலில் இல்லை. 1978இல் வந்த 44ஆவது திருத்தத்துக்குப் பிறகு, அப்படிப்பட்ட அவசரநிலையிலும்கூட உயிர்வாழும் உரிமையைக் கூறும் 21ஆவது கூற்றை நிறுத்திவைக்க முடியாது. ஆக, ஊரடங்கின் ஒவ்வொரு நாளும் நம் அடிப்படை உரிமைகள் அத்தனையும் உயிரோடுதான் இருந்தன. இதை உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியதும் ஒரு தமிழ்நாட்டு வழக்கில்தான். குறித்த நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படாவிட்டால் காவலில் இருப்பவர் பிணை பெறலாம் என்பது சட்டம். மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த காசி என்பவரின் வழக்கில், ஊரடங்கைக் காரணம் காட்டி அந்தப் பிணையை மறுத்தது உயர் நீதிமன்றம். 2020 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்தது. ஊரடங்கை அவசரநிலைப் பிரகடனத்தோடு ஒப்பிட முடியாது என்றும், பிணை பெறும் உரிமையை அது பறிக்காது என்றும் சொன்னது.

அதே ஜூன் 19 மாலைதான் சாத்தான்குளத்தில், கடையை அடைக்க நேரம் தாழ்த்தினார்கள் என்ற புகாரில் ஒரு தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். நான்கு நாள்களுக்குள் இருவரும் உயிரிழந்தார்கள். தில்லியில் தீர்ப்பு எழுதப்பட்ட நாளுக்கும் தென்கோடியில் லத்தி பேசிய நாளுக்கும் இடையே ஒரு நாள்கூட இடைவெளி இல்லை.

கட்டுப்பாட்டை மீறுவோர் மீது அப்போது போடப்பட்ட வழக்குகள் பெரும்பாலும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவைச் சார்ந்தவை. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 223ஆம் பிரிவு. பொது ஊழியரின் ஆணையை மதிக்காத குற்றம் அது. அதில் நீதிமன்றம் விசாரணையைத் தொடங்க வேண்டுமானால், சம்பந்தப்பட்ட அலுவலர் எழுத்துமூலம் நீதித்துறை நடுவரிடம் முறையிட வேண்டும்; காவல் துறை தானாகவே முதல் தகவல் அறிக்கை பதிந்துவிட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜீவானந்தம் வழக்கில் 2018 செப்டம்பரிலேயே விளக்கியிருந்தது. இது வெறும் வழக்கறிஞர் நுணுக்கம் என்று தோன்றலாம். ஆனால் எழுத்துமூல முறையீடு என்ற அந்தப் படியில்தான், இந்த ஆணை யாருடையது, அது முறையாக வெளியிடப்பட்டதா, இவருக்குத் தெரிந்திருந்ததா என்ற கேள்விகளுக்கு ஓர் அலுவலர் பெயர் போட்டுப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் படியைத் தாண்டிப் போனதன் விளைவு, தமிழ்நாட்டில் ஊரடங்கு மீறல் வழக்குகள் ஏறத்தாழ 10 லட்சம் சேர்ந்தன. 2021 பிப்ரவரியில், தேர்தலுக்குச் சற்று முன்பு, வன்முறை போன்ற சிலவற்றைத் தவிர மற்றவை திரும்பப் பெறப்படும் என்று அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். போட்டதும் மொத்தமாக, எடுத்ததும் மொத்தமாக. இடையில் வண்டியைக் காவல் நிலைய வெயிலில் விட்டுவிட்டு மாதக்கணக்கில் நடையாய் நடந்தவர்களின் கணக்கை யாரும் எடுக்கவில்லை.

கடலூரில் நோயைவிட வேகமாகப் பரவியது அச்சம். 2020 மே தொடக்கத்தில், சென்னைக் கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கியவர்களும் காய்கறி வியாபாரத்தில் இருந்தவர்களும் ஊர் திரும்பியபோது மாவட்டத்தின் எண்ணிக்கை சட்டென்று ஏறியது. "கோயம்பேட்டுக்காரங்க" என்பது சில வாரங்களுக்கு ஒரு வசைச்சொல்லாகவே இருந்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கதவில் ஒட்டப்பட்ட தாள் இன்றும் கண்ணில் நிற்கிறது. தனிமைப்படுத்தப்பட்ட இல்லம், உள்ளே நுழையாதீர் என்று கொட்டை எழுத்து; கீழே குடும்பத் தலைவர் பெயர், ஆள் எண்ணிக்கை, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்ற விவரம். குறித்த நாள் முடிந்தும் அதைக் கிழிக்க யாரும் வரவில்லை. தாங்களாகக் கிழித்தால் வழக்கு வருமோ என்று அந்த வீட்டார் பயந்தார்கள். பால்காரர் அடுத்த மாதமும் அந்த வாசலுக்கு வரவில்லை. சில ஊர்களில் தாளோடு நிற்காமல் வாசலையே தகரத்தால் அடைத்தார்கள். வீட்டுக்குள் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

தாள் ஒட்டுவதால் நோய் எப்படிக் குறையும் என்பதற்கு எவரும் தெளிவான விடை தரவில்லை. தாள் ஒட்டப்படும் என்ற பயத்தால் இருமலை மறைத்தவர்களை மட்டும் எல்லோருக்கும் தெரியும். 2020 டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி தனியாக ஆணையிட்டாலன்றி வீடுகளில் இவ்வாறு அறிவிப்பு ஒட்டக் கூடாது என்று சொன்னது. ஒட்டச் சொல்லித் தாங்கள் வழிகாட்டவே இல்லை என்று ஒன்றிய அரசு அந்த வழக்கில் தெரிவித்திருந்தது. அப்படியானால் நாடெங்கும் அத்தனை தாள்களை ஒட்டச் சொன்னது யார்? பெரியவரின் கேள்வி வேறு வடிவில் திரும்பி வருகிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் முன்னனுபவம் இல்லாமல் இல்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல் சென்னையில்தான். தொடக்க ஆண்டுகளின் பயமும் ஒதுக்கலும் கடந்து, மறைகாப்போடு கூடிய விருப்பப் பரிசோதனை, ஆலோசனை என்ற பாதைக்கு மாநிலம் வந்தது. பெயரை வெளியிட மாட்டோம் என்ற உறுதி கிடைத்ததால்தான் மக்கள் தாங்களாகப் பரிசோதனைக்கு வந்தார்கள். எச்.ஐ.வி. தொடர்பான 2017ஆம் ஆண்டுச் சட்டம் அந்த மறைகாப்பையே கடமையாக்கியது. காற்றில் பரவும் நோயும் இதுவும் ஒன்றல்ல, உண்மைதான். தொடர்பில் இருந்தவர்களை விரைந்து தேட வேண்டிய தேவை கோவிட்டில் அதிகம். ஆனாலும் தேடும் ஊழியருக்குத் தெரிய வேண்டிய பெயர் தெருவுக்குத் தெரிய வேண்டியதில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது, அதில் அரசு தலையிட வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நோக்கம் முறையானதாக இருக்க வேண்டும், கையாளும் வழி அந்த நோக்கத்துக்கு மிஞ்சாமல் இருக்க வேண்டும் என்று வகுத்தது. கொசுவை அடிக்கக் கோடாரி எடுக்காதே என்று நம் வீடுகளில் சொல்வதன் சட்ட வடிவம் அது.

புதுச்சேரி இந்தச் சோதனையைத் தடுப்பூசி விவகாரத்தில் நேராகச் சந்தித்தது. 2021 டிசம்பர் முதல் வாரத்தில், அங்கே தடுப்பூசி போட்டுக்கொள்வதைக் கட்டாயமாக்கி, மீறினால் சட்டப்படி நடவடிக்கை என்று சுகாதாரத் துறை ஆணையிட்டது. நாட்டிலேயே இப்படி ஓர் ஆணை முதன்முறை என்று அப்போது செய்திகள் வந்தன. அந்த ஆணையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்ல வேண்டும்: அது எழுத்தில் இருந்தது, 1973ஆம் ஆண்டின் புதுச்சேரிப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் எந்தப் பிரிவுகளின் கீழ் பிறப்பிக்கப்படுகிறது என்று குறிப்பிட்டது, துறை இயக்குநரின் பெயரில் வந்தது. எதிர்க்க விரும்பியவருக்கு எதை எதிர்ப்பது என்று தெரிந்தது. உள்ளடக்கம்தான் இடறியது. தடுப்பூசியை ஆதரிப்பவன் நான். இரண்டு தவணையும் வரிசையில் நின்று போட்டுக்கொண்டேன். ஆனால் ஊசிக்குச் சம்மதிக்காத உடலில் அரசு ஊசி ஏற்றலாமா என்பது வேறு கேள்வி. 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், தடுப்பூசி போட்டுக்கொள்ளுமாறு எவரையும் வற்புறுத்த முடியாது, உடல் மீதான உரிமை 21ஆவது கூறில் அடங்கும் என்றது. கூடவே, சமூக நலனுக்காகப் போடாதவர்கள் மீது சில கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம், ஆனால் போட்டவரும் நோயைப் பரப்பக்கூடும் என்றிருக்கும்போது, போடாதவரை மட்டும் பொது இடங்களிலிருந்து விலக்குவதற்கு அரசுகள் போதுமான தரவு காட்டவில்லை என்றும் சொன்னது. அந்த வழக்கில் பதில் சொன்ன மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

பொதுச் சுகாதார அவசரநிலை என்றாலே பூட்டும் தடுப்பும்தான் என்ற எண்ணத்தைக் காரைக்கால் சற்று மாற்றியிருக்க வேண்டும். 2022 ஜூலையில் அங்கே வயிற்றுப்போக்கும் காலராவும் பரவியபோது, புதுச்சேரி அரசு பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. பள்ளி, கல்லூரிகளுக்கு மூன்று நாள் விடுமுறை விடப்பட்டது. குடிநீர்க் குழாய்க் கசிவு, கழிவுநீர்க் கலப்பு என்ற திசையிலேயே பேச்சு இருந்தது. அந்த அவசரநிலையில் நோயாளி குற்றவாளி ஆகவில்லை. கேள்வி குழாயை நோக்கிப் போனது. காலராவில் யாரும் அண்டை வீட்டைச் சுட்டவில்லை, நகராட்சியைச் சுட்டினார்கள். உரிமை என்ற சொல்லை அங்கே எவரும் உச்சரிக்காவிட்டாலும், நல்ல தண்ணீர் தர வேண்டிய கடமை யாருடையது என்று கேட்டபோது உரிமையின் மொழியைத்தான் பேசினார்கள்.

தொழிலாளர் பக்கத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஊரடங்கு நாள்களில் குஜராத் அரசு, தொழிற்சாலைகளில் இரு மடங்கு மிகைநேர ஊதியம் இல்லாமல் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிட்டபோது, கொள்ளைநோய் என்பது அப்போதைய தொழிற்சாலைகள் சட்டம் சொன்ன "பொது அவசரநிலை" ஆகாது என்று 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது; கடலூர் சிப்காட்டில் வேலை செய்தவர்களுக்கும் அன்று அந்தத் தீர்ப்பே காப்பாக இருந்தது.

சட்ட ஆணையம் 2024 பிப்ரவரியில் தந்த 286ஆவது அறிக்கையில், 1897ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த வேண்டும் அல்லது புதிய சட்டம் கொண்டுவர வேண்டும் என்றது. ஒன்றிய, மாநில, உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்புகளைப் பிரித்துக் காட்டும் தொற்றுநோய்த் திட்டம் ஒன்றையும் கேட்டது. எந்தச் சட்டம் வந்தாலும் முள்ளோடைக்கு அது மட்டும் போதாது. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தொற்று பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலில் இருக்கிறது. புதுச்சேரியோ தமிழ்நாட்டுக்குள்ளும், கேரளத்துக்குள் மாஹேயாகவும், ஆந்திரத்துக்குள் ஏனாமாகவும் சிதறிக் கிடக்கும் ஆட்சிப்பகுதி. கோழிக்கோட்டில் நிபா வந்தால் மாஹேக்குக் காய்ச்சல். கடலூரில் கதவு சாத்தினால் பாகூருக்கு மூச்சு முட்டும். இரண்டு மாவட்ட ஆட்சியர்கள் அமைதியான நாளொன்றில் உட்கார்ந்து, எல்லை அடைக்கப்படும் காலத்தில் எவை திறந்திருக்கும், அடைக்கும் ஆணை எந்த நாளில் தானாகக் காலாவதியாகும், அதன் தமிழ்ப் படி எந்தெந்தத் தடுப்பில் ஒட்டப்படும், மறுக்கப்பட்டவர் அந்த இடத்திலேயே எந்த எண்ணை அழைத்து எந்த அலுவலரிடம் முறையிடலாம் என்று இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்திட எந்தப் புதிய சட்டமும் வேண்டியதில்லை. அதில் மருத்துவமனைச் சீட்டே பாஸ் என்று ஒரு வரி இருந்திருந்தால், அந்தக் காலையில் மஞ்சள் பைக்காரர் மாத்திரையோடு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பியிருப்பார்.